இந்த வருடப் புளியை ஊரைவிட்டு அனுப்பாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மகளிர் குழுக் கூட்டமைப்பு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கு,

வணக்கம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளில் தலைவி, செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பில் இருக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். புளியங்காய் திரள ஆரம்பித்ததும் குத்தகை பேச ஆட்கள் ஊருக்குள் வந்துவிடுவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989ல் தொடங்கியதே நம் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு வந்த திட்டம் அது. கிருஷ்ணகிரி அப்போது நம்மோடுதான் இருந்தது, 2004ல்தான் தனி மாவட்டமானது. சேமிப்பு, குழுச் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குக் கொடுக்கும் உள்கடன், வங்கிக் கடன், தவணை எல்லாம் நம் ஊர்ப் பெண்களுக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வாங்கிய கடனை வைத்து என்ன தொழில் செய்வது என்று வரும்போது இன்னும் கை நடுங்குகிறது.

அதற்கு ஒரு காரணம் நமக்குக் கிடைக்கும் பயிற்சிகள். பினாயில், மெழுகுவர்த்தி, சோப்புத்தூள், ஊறுகாய். பக்கத்து ஊராட்சியிலும் அதே நான்கு, அதற்கு அடுத்த ஊராட்சியிலும் அதே நான்கு. பினாயிலுக்கு மூலப்பொருள், பாட்டில், மூடி, லேபிள் எல்லாமே வெளியூரிலிருந்து வர வேண்டும். நம்முடையது என்று அதில் இருப்பது உழைப்பு மட்டும். கண்காட்சி நடக்கும் நாட்களில் ஓரளவு விற்கிறது, அப்புறம் மிச்சமெல்லாம் உறுப்பினர் வீட்டுப் பரணுக்குப் போகிறது. இப்படி ஒரு தடவை ஆனால் அந்தக் குழு அடுத்து எந்தத் தொழிலையும் தொட யோசிக்கிறது. அந்தப் பயம் பெண்களுடைய குற்றம் இல்லை. ஊரில் விளையாத, ஊரில் தேவைப்படாத பொருளை அவர்கள் கையில் கொடுத்ததுதான் தவறு.

அதனால் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். நம் ஊரிலிருந்து மூட்டையாக, மலிவாக வெளியே போவது என்ன? அதையே பாக்கெட்டில் திரும்ப நாம் வாங்குவது என்ன? நம் பக்கத்தில் பெரும்பாலான ஊர்களில் இரண்டு கேள்விக்கும் புளி என்றுதான் பதில் வரும். வயலோரம், ஏரிக்கரை, சாலையோரம் என்று எங்கும் நிற்கிற மரம். உரிகம் புளி என்று ஒரு ரகத்துக்கே நம் மலைப்பக்கத்து ஊரின் பெயர்தான். இருந்தும் கார்த்திகை மாதத்தில் நாமே மளிகைக் கடையில் அரைக் கிலோ, கால் கிலோ என்று புளி வாங்குகிறோம்.

நடுவில் நடப்பது உங்களுக்குத் தெரியும். காய் மரத்தில் இருக்கும்போதே முன்பணம் கொடுத்துக் குத்தகை பேசி முடிக்கிறார்கள். தை தொடங்கி உலுக்கி, களத்தில் காயவைத்து, ஓடு தட்டிக் கொட்டை எடுக்க நம் பெண்களையே கூப்பிடுகிறார்கள். காலையில் ஒரு தட்டைக் கல்லையும் சின்ன இரும்புத் துண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க முடியாது. இடுப்பு மரத்துப்போகும். விரல் நுனி கறுத்துவிடும். நகக்கண்ணில் சின்னக் கீறல் இருந்தாலும் புளி பட்டால் இரவெல்லாம் எரியும். கூலி கிலோ கணக்கில் வருகிறது. சுத்தமான புளி லாரி ஏறிவிடுகிறது, அதற்குப் பிறகு ஏறுகிற விலையில் நமக்குப் பங்கில்லை.

மரத்துச் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் நம் குழுக்காரர்களின் வீட்டார்தான். வேலை செய்பவர்களும் நாம்தான். நம்மிடம் இல்லாதது, பங்குனியில் வாங்கி ஐப்பசி வரை கையில் வைத்திருக்கத் தேவையான பணமும் இடமும். அந்தப் பணத்தைத்தான் கூட்டமைப்பால் ஏற்பாடு செய்ய முடியும்.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ காயில் ஏறக்குறைய 55 கிலோ சதை, 34 கிலோ கொட்டை, மீதி ஓடும் நாரும். கொட்டையும் வீணில்லை, பசை மாவு அரைக்க ஆலைக்காரர்கள் வாங்குகிறார்கள். துணி ஆலையிலும் சணல் ஆலையிலும் நூலுக்குக் கஞ்சி போடுவதற்கு அந்த மாவு போகிறது. வங்கியில் குழுக் கடன் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டியில் கிடைக்கிறது என்றால், 1 லட்சத்தை ஆறு மாதம் புளியில் போட்டு வைக்க வட்டி 3,500 ரூபாய். இதையே 24 சதவீத வட்டிக்கு நுண்கடன் நிறுவனத்தில் வாங்கினால் 12,000 ரூபாய், அதில் லாபமே கரைந்துபோகும். அந்தக் கடனில் இந்தத் தொழிலைத் தயவுசெய்து தொடங்காதீர்கள். பங்குனியில் உங்கள் ஊரில் என்ன விலை, ஐப்பசியில் கடையில் என்ன விலை என்று போன வருடத்துக்கும் அதற்கு முந்தைய வருடத்துக்கும் விசாரித்து எழுதுங்கள். வித்தியாசத்தில் கூலி, வட்டி, சேதாரம், சாக்கு, வண்டி வாடகை எல்லாம் கழித்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். நிற்காது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள், நான் வற்புறுத்த மாட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. புளி ஒரு வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்தால் அடுத்த வருடம் குறையும். நிறையக் காய்த்த வருடத்தில், குளிர்பதனக் கிடங்கில் பழைய சரக்கும் கிடந்தால், விலை ஏறாமலே போகலாம். அதனால் முதல் வருடம் மொத்தத்தையும் பூட்டி வைக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைச் சித்திரைக்குள் விற்று, வாங்கிய கடனில் ஒரு பகுதியை அடைத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது கூலி. நம்ம தொழில்தானே, லாபம் வந்தபிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் காத்திருக்கும் நிலையில் எந்த வீடும் இல்லை. கொட்டை எடுக்கிற ஒவ்வொருவருக்கும் அந்தந்த வாரக் கூலியை அந்தந்த வாரமே, வெளியாள் கொடுப்பதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அதற்கான பணத்தையும் கடன் கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள். பல குழுத் தொழில்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. உழைத்தவள் ஒருத்தி, கையெழுத்துப் போட்டவள் ஒருத்தி என்று பேச்சு வந்துவிட்டால் அப்புறம் ஒட்டவே ஒட்டாது.

சரக்கு கெடாமல் இருக்க நம் பாட்டிமார் செய்ததுதான் வழி. கொட்டையோடு வைத்தால் வண்டு விழும். சரியாகக் காயாமல் வைத்தால் கறுத்துவிடும். கோடை மழைக்கு முன் காயவைத்து, கொட்டையும் நாரும் நீக்கி, உப்புப் போட்டு இறுக்கி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். நிறையச் சேர்ந்தால் குளிர்பதனக் கிடங்கு வாடகை கட்டுபடியாகுமா என்று பாருங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விளைபொருளை ஈடாக வைத்துக்கொண்டு விவசாயிகளுக்குப் பொருளீட்டுக் கடன் தருகிறார்கள். மரத்துச் சொந்தக்காரர்கள் பேரில் புளியை வைத்து வாங்க முடியுமா என்று ஒரு நடை போய்க் கேளுங்கள்.

விற்பனைக்குக் கண்காட்சியை நம்ப வேண்டாம். கல்யாண சமையல் மாஸ்டர், மெஸ், டிபன் கடை, அன்னதானக் கூடம், இவர்கள் வருடம் முழுக்கப் புளி வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் பாக்கெட்டின் அழகு வேண்டாம், மண்ணும் நாரும் இல்லாமல் இருந்தால் போதும். வீடுகளுக்கு என்றால் அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட். பெங்களூரு, ஓசூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளே பெரிய சந்தை. பாக்கெட் போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், சிறு அளவில் செய்பவர்களுக்கு வருடக் கட்டணம் 100 ரூபாய்தான். தராசுக்கு முத்திரை வைத்துக்கொள்ளுங்கள். எடை, விலை, பாக்கெட் செய்த மாதம், முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். உலர்ந்த புளிக்கு 2019 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி இல்லை.

பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் திட்டத்தில் இயந்திரத்துக்கு 35 சதவீத மானியம், குழு உறுப்பினருக்குத் தலா 40,000 ரூபாய் வரை தொடக்க முதலீடு என்று வைத்திருக்கிறார்கள். இந்த வருடத்துக்கு நிதி இருக்கிறதா என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் மானியம் வந்தால்தான் தொடங்குவோம் என்று உட்கார வேண்டாம். கல்லும் இரும்புத் துண்டும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

புளியமரம் அதிகம் இல்லாத ஊர் என்றால் அந்த வெள்ளைத்தாளில் வேறு பெயர் வரும். சித்தேரி மலைப்பக்கம் சாமை. அங்கே உமி நீக்கும் இயந்திரம் ஒன்று இருந்தாலே சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வரும். இன்னொரு ஊருக்குக் கேழ்வரகு, இன்னொன்றுக்கு மாங்காய். கேள்விகள் அதே இரண்டுதான்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. ஊராட்சிப் பொது இடத்துப் புளியமரங்களின் மகசூல் ஏலம் என்றைக்கு, முன்வைப்புத் தொகை எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகத்தில் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். கூட்டமைப்பும் அதில் கலந்துகொள்ள வழி கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். உறுப்பினர் வீட்டு மரங்களுக்கு முன்பணம் வாங்கிவிடாமல் கூட்டமைப்புக்கே தரச் சொல்லி வீடு வீடாகப் பேசுங்கள், முன்பணம் அவசரமாகத் தேவைப்படும் வீட்டுக்கு உள்கடனில் முதல் இடம் கொடுங்கள். விலைக் கணக்கு எழுத, கடன் மனுவோடு வைக்கத் திட்ட அறிக்கை தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித்தான் என் பிழைப்பு நடக்கிறது. உங்களுக்குப் பணம் வாங்காமல் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து உங்கள் தங்கை ஒருத்தி