நம்ம ஆட்சியிலும் பேசுங்கள்: செட்டிநாட்டு அரசியல் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இன்றைய, முன்னாள் எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள், மாவட்ட, நகர, ஒன்றியச் செயலாளர்கள், அப்புறம் தேர்தலுக்கு நிதி கொடுத்துவிட்டு மேடையில் இரண்டாம் வரிசையில் அடக்கமாக உட்காரும் தனவந்தர்கள், எல்லாக் கட்சியையும் சேர்ந்த உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

மடப்புரம் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 2025 ஜூன் கடைசியில், நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, பத்ரகாளியம்மன் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞரை நகை காணவில்லை என்ற புகாரில் போலீஸ் தனிப்படை பிடித்துக்கொண்டு போனது, அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை, உடலில் 44 காயங்கள், அரசே தன் குடிமகனைக் கொன்றிருக்கிறது என்கிற அளவுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கொதித்தது, காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. எல்லாம் நீங்களும் டிவியில் பார்த்ததுதான். யார் சொல்லி அந்தத் தனிப்படை உள்ளே வந்தது என்று நீதிபதிகள் கேட்டார்களே, அந்தக் கேள்வியை நம் பக்கத்துப் பெரியவர்கள் எத்தனை பேர் வாய்விட்டுக் கேட்டீர்கள்?

எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் கேட்டீர்கள், மறுக்கவில்லை. ஆளுங்கட்சிக் கூட்டணியிலும் ஓரிருவர் பேசினார்கள், அதையும் மறுக்கவில்லை. மற்றவர்கள் அரசு கொடுத்த வீட்டுமனைப் பட்டாவையும், இறந்தவரின் தம்பிக்கு நம் காரைக்குடி ஆவினில் போட்டுக் கொடுத்த வேலையையும் சொல்லிக் காட்டியதோடு முடித்துக்கொண்டீர்கள். 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் அடித்தபோது இதே நாடகம், வேஷம் மட்டும் மாறியிருந்தது. அன்றைக்கு ஆட்சியில் இருந்தவர்கள் அடக்கி வாசித்தார்கள், மடப்புரத்துக்கு அடக்கி வாசித்தவர்கள் அன்றைக்கு முழங்கினார்கள். 2018 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள், அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அன்று தெருவில் நின்று நியாயம் கேட்டவர்கள் அந்த அறிக்கையைக் கையில் பிடித்து எத்தனை மேடையில் பேசினீர்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரலே மிச்சமாகும்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்சி ஆட்சியில் இருக்கும்போது நடக்கிற போலீஸ் அத்துமீறலை, உங்கள் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே, உங்கள் சொந்தப் பெயரில், எழுத்தில் கண்டியுங்கள். அவ்வளவுதான்.

இப்போது இந்த மடல் எதற்கு என்று சொல்கிறேன். காரைக்குடி, தேவகோட்டைக்கு நடுவில் ஒரு ஊரில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் ஓட்டுகிறவன் நான். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, இந்த மாதிரி மனுக்கள்தான் என் பிழைப்பு. போன மாதம் ஒரு அம்மா வந்தார். அவர் கணவர் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். இந்த முறை படைப்புக்கு வந்து உள்ளறையைத் திறந்தபோது சில வெள்ளிச் சாமான்கள் இல்லை. புகார் என்று ஒரு தாள்கூட யாரும் எழுதவில்லை. வீட்டுக்காரர் ஒருவர் உங்களில் ஒருவருக்குப் போன் போட்டார், அவர் போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டார். பொழுது சாயும் நேரத்தில் பைக்கில் இரண்டு பேர் வந்து, “சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்க பெருசு” என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. சர்க்கரை இருக்கிறது.

மறுநாள் காலையில் அந்த அம்மா நிலைய வாசலில் தூக்குவாளியும் சர்க்கரை மாத்திரையுமாக நின்றிருக்கிறார். உள்ளே விடவில்லை, மாத்திரையையும் வாங்கவில்லை. அப்படியொரு ஆளே இங்கு இல்லை என்றார்களாம், அவர் செருப்பு வாசலில் கிடப்பதை இந்த அம்மா பார்த்துக்கொண்டு நிற்கும்போதே. அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்துவிட்டார், மனு எழுதித் தரச் சொல்லி.

சரி என்று நானும் உட்கார்ந்தேன். பெறுநர், அனுப்புநர், பொருள் வரை அடித்துவிட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது? என்ன வழக்கு? தெரியாது. எஃப்ஐஆர் போட்டார்களா? இல்லை. புகார் வந்ததற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீது? இல்லை. கைது செய்தார்களா? இல்லை, விசாரணைதானாம். எந்த அதிகாரி கூட்டிப்போனார்? சட்டையில் பெயர் இல்லை, ஒருவர் லுங்கியில் வந்திருந்தார். கைதே செய்யாத ஆளை விடுதலை செய்யச் சொல்லி யாருக்கு, எந்தப் பிரிவில், எப்படி மனு எழுதுவது என்று நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும், உங்களில் பாதிப் பேர் வக்கீல்கள்.

சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. போலீஸ் காவலில் நடக்கும் சாவுகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டது: கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை மருத்துவர் பார்க்க வேண்டும். ஆனால் கைது என்று எழுதினால்தானே இத்தனையும்? எழுதாவிட்டால் ஆள் கணக்கிலேயே கிடையாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 179-ஆம் பிரிவு, அறுபது வயதைத் தாண்டிய ஆணைச் சாட்சி விசாரணைக்கு என்று நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது, அவர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்கிறது. சந்தேக நபர் என்றால் முறையாக வழக்குப் பதிந்து நோட்டீஸ் கொடு, சாட்சி என்றால் வீட்டுக்குப் போ. இரண்டும் இல்லாமல் இரண்டு இரவு ஒரு கிழவரைத் தரையில் உட்கார வைத்ததற்கு என்ன பெயர்? நிலையத்தில் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கேமரா வேலை செய்யவில்லையாம்.

மூன்றாம் நாள் காலையில் விட்டுவிட்டார்கள். உள்ளங்கால் வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்கிறார், மனைவியிடமும் அதையேதான் சொல்கிறார். வெள்ளிச் சாமான் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த உள்ளறையின் சாவி எத்தனை பங்காளிகளிடம் இருக்கிறது என்று இன்றுவரை ஒரு போலீஸ்காரரும் கேட்கவில்லை. கேட்க முடியாது, பாவம். பங்காளிகளை நிலையத்துக்கு வரச்சொன்னால் அடுத்த வாரமே இன்ஸ்பெக்டருக்கு ராமநாதபுரத்துக்கு மாறுதல் வந்துவிடும்.

அவர் உள்ளே இருந்த அந்த நேரத்தில் உங்களில் சிலரை நானும் தெருக்காரர்களும் போய்ப் பார்த்தோம். பெயர் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். ஆளுங்கட்சிக்காரர், “தம்பி, இப்ப நம்ம ஆட்சி, நானே பேசினா எதிரிக்கு வாய்ப்பாயிடும், பார்த்துக்குங்க” என்றார். எதிர்க்கட்சிக்காரர் அன்பாக உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார், கடைசியில், “ஆள் நல்லாத்தானே இருக்கார்? ஏதாவது ஆயிருந்தா சொல்லுங்க, ஆர்ப்பாட்டம் அறிவிச்சுடலாம்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஆனால் செத்தால்தான் அரசியல், உயிரோடு திரும்பினால் சொந்த விவகாரம் என்று அவர் எவ்வளவு இயல்பாக நினைத்துவிட்டார் பாருங்கள். மூன்றாமவர் கட்சிக்கு அப்பாற்பட்ட பெரியவர், கல்வி நிறுவனம் நடத்துகிறவர். அவர், “பெரிய இடத்து விஷயம், நமக்கு எதுக்கு” என்றார். பெரிய இடமே அவர்தான் என்பதை அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

போலீஸ் எங்கள் பேச்சைக் கேட்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருவரை உள்ளே தள்ள உங்கள் ஒரு போன் போதுமாக இருந்ததே. வெளியே எடுக்கவும் அதே போன்தான், அதே நம்பர்தான்.

மடப்புரத்தில் நடந்ததை வெளியே கொண்டுவந்தது யார்? நீங்கள் இல்லை, நானும் இல்லை. மறைந்திருந்து செல்போனில் படம் பிடித்த ஒரு கோயில் ஊழியர். அவருக்குக் கட்சி இல்லை, கார் இல்லை, பாதுகாப்பு இல்லை. மாதச் சம்பளம் போனாலும் போகட்டும் என்று அவர் செய்ததில் கால்வாசி தைரியம் உங்களுக்கு இருந்தால் போதும், அதற்கு உங்களுக்குச் செலவாகப் போவது மாவட்டத் தலைமையின் ஒரு முகச்சுளிப்புதான்.

கல்குவாரிக் கதையும் இதுதான். 2025 ஜனவரியில் திருமயம் பக்கத்தில், சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றி மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்த முன்னாள் கவுன்சிலர் ஒருவரை லாரி ஏற்றிக் கொன்றார்கள். மனுக்கள் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பாறை யாருடையது, லாரி யாருடையது என்று தாலுகாவுக்கே தெரிந்திருந்தபோது, எந்தப் பெரியவர் வாயைத் திறந்தார்? செத்த பிறகு எல்லோரும் மாலையோடு வந்தோம். நம் பக்கத்தில் மனு கொடுப்பவனுக்குப் பாதுகாப்பு இல்லை, மாலைக்கு மட்டும் குறைவில்லை.

பேசத் தெரியாதவர்களா நீங்கள்? கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதற்கு மதுரைக் கிளை வரைக்கும் போய்ச் சீனியர் வக்கீல் வைத்து வாதாடத் தெரிகிறது. ஆத்தங்குடி டைல்ஸைப் பற்றியும் பர்மாத் தேக்குத் தூணைப் பற்றியும் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் இங்கிலீஷில் மணிக்கணக்காகப் பேசத் தெரிகிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் 1942 கதை வேறு. தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது, திருவாடானைச் சிறையை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மக்கள் தோளில் தூக்கி வந்தார்கள் என்று கண் கலங்கச் சொல்கிறீர்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்கு வருவது எந்த நிலையத்துப் போலீஸ், அதன் பின்கட்டில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவையாவது விசாரித்திருக்கிறீர்களா? எண்பது வருஷத்துக்கு முந்தைய லத்தியைத் திட்டுவதற்குத் தைரியம் தேவையில்லை ஐயா.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன், இது உரிமையோடு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது, அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. அதற்காகச் சித்திரவதைத் தடுப்பு மசோதாவை 2010-ல் மக்களவையில் கொண்டுவந்தவர், கானாடுகாத்தானில் பிறந்து, சிவகங்கை எம்.பி.யாக இருந்து, அன்றைக்கு உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம்தான். மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் தெரிவுக் குழுவுக்குப் போனது, 2014-ல் மக்களவை கலைந்ததோடு சேர்ந்து காலாவதியானது. சட்ட ஆணையமும் 2017-ல் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. அதாவது நம்ம ஊர்க்காரர் தொடங்கி வைத்த வேலை பாதியில் நிற்கிறது. நம்ம ஊர்க்காரர் என்று வரவேற்பு பேனர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த மசோதா என்ன ஆனது என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் கட்சிக்காரர்கள் உட்பட. டெல்லியில் இருக்கிற கட்சிக்கும் இங்கே இருக்கிற கட்சிக்கும் ஆயிரம் சண்டை, இந்த விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே மௌனம். போலீஸ் அடிப்பது எந்த ஆட்சிக்கும் வசதி, அதனால் இருக்கலாம்.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். உங்கள் பலரிடம் நான் உதவி வாங்கியிருக்கிறேன், என் பிள்ளைக்குக் காலேஜ் சீட்டுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவரும் இந்த மடலைப் படிக்கக்கூடும். அவருக்கு நன்றி எப்போதும் உண்டு. அந்த மரியாதையோடுதான் மறுபடியும் கேட்கிறேன்.

ஆளுங்கட்சியில் இருக்கிறவர்கள், தயவுசெய்து உங்கள் லெட்டர்பேடில் ஒரு பக்கம் எழுதுங்கள்: எங்கள் தொகுதியில் எஃப்ஐஆர் இல்லாமல், கைதுக் குறிப்பு இல்லாமல் யாரையும் இரவில் நிலையத்தில் வைக்கக் கூடாது, கேமரா ஓடுகிறதா என்று எஸ்.பி. எழுத்தில் சொல்ல வேண்டும் என்று. எதிர்க்கட்சியில் இருக்கிறவர்கள், யாராவது சாகும் வரை காத்திருக்காமல் அதையே எழுதுங்கள், நாளைக்கு உங்கள் ஆட்சி வந்த பிறகும் அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். எம்.பி.க்கள் அந்த மசோதாவைத் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டு வாருங்கள். வீட்டுக்காரர்களும் தனவந்தர்களும், சாமான் காணவில்லை என்றால் போன் போடாமல் புகாரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அதில் சாவி வைத்திருக்கும் எல்லோர் பெயரையும் எழுதுங்கள்.

அந்தக் காவல்காரப் பெரியவர் சார்பாக மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு மனு தயாராக இருக்கிறது. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, பயப்படுகிறார். உங்களில் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் அவரும் போடுவார் என்று அந்த அம்மா சொல்கிறார். கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும், ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. வருவதற்குச் சங்கடமாக இருந்தால் ஆள் அனுப்புங்கள், நானே மனுவைக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளன்,
ஜெராக்ஸ் கடைக்காரன்