சோடா போர்டு

தாராவி, மும்பை

அம்மாடி செல்வி,

அப்பா எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் எனக்குத் தொண்டை அடைக்கும், உனக்குக் கோபம் வரும். அதனால்தான் காகிதம்.

லிவர் டெஸ்ட்டில் அளவு கூடியிருப்பதை நீ அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாய். அவள் வாயில் எது தங்கும்? அவளைத் திட்டாதே.

உன் தாத்தாவைப் பற்றி இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1966-ல் சிவசேனா தொடங்கிய பிறகு, 'பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி' என்று தென்னிந்தியர்களை விரட்டிய காலம். தாத்தா தோல் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் தமிழ் பேசவே பயம். வாய்விட்டுப் பேசியது ஒரே இடத்தில்தான். மதுவிலக்கு இருந்த அந்த நாளில், சந்துக்குள் வெல்லமும் நவசாகரும் போட்டுக் காய்ச்சிய சரக்கை ஒரு குடிசையில் விற்பார்கள். ஊர்ச் சேதி, சீட்டுக் காசு, யாருக்கு எங்கே வேலை, எல்லாம் அங்கேதான். அவர் போனது மனுசரைத் தேடி. ஆனால் அங்கே போய்க் குடிக்காமல் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? ஐம்பத்திரண்டு வயதில் வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார்.

அதனால், "பாரில்தான் அவள் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார முடியுதுப்பா" என்று நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதே. உங்களைப் போல ஒரே பாலினத்தார் சேர்ந்திருப்பதைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு அதற்குச் செல்லாது என்று 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அடுத்த வருடம், அவளை இந்த வாசலுக்குக் கூட்டிவராதே என்று சொன்னவன் நான்.

சரி, எனக்குத் தெரிந்த தொழிலுக்கு வருகிறேன். முப்பது வருடம் போர்டு எழுதினேன், சாராயக் கம்பெனிகளுக்கும் சேர்த்துத்தான். மது விளம்பரம் கூடாதே! அதனால் அதே பெயர், அதே எழுத்து, அதே கலர், கீழே மட்டும் பொடியாக 'சோடா'. அந்த சோடாவை ஒரு கடையிலும் நான் பார்த்ததில்லை. இடம் பேச வருகிறவர்கள் சுவர் நன்றாக இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள். எதிரே பஸ் ஸ்டாப் உண்டா, எத்தனை பேர் நிற்பார்கள், எவ்வளவு நேரம் நிற்பார்கள், இதுதான் கேள்வி.

நீ அனுப்பிய பார்ட்டி ஃபோட்டோவில் உங்களுக்குப் பின்னால் வானவில் கலரில் ஒரு சாராயக் கம்பெனி பேனர். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. நீங்கள் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"யாரும் சீந்தாதப்போ அவங்கதான் காசு குடுத்தாங்க" என்றாய். உண்மைதான். அமெரிக்காவில் 1981-லேயே ஆப்சலூட் வோட்கா, ஓரினச்சேர்க்கையாளர்களின் 'கே' பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. மற்ற பெரிய கம்பெனிகள் கிட்டவே போகாத நேரம் அது. நன்றி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1990-களில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் கம்பெனி, சான் பிரான்சிஸ்கோவில் ஓரினச்சேர்க்கை ஆண்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்துப் போட்ட திட்டத்துக்கு உள்ளுக்குள் என்ன பெயர் வைத்திருந்தது தெரியுமா? 'ஸ்கம்'. கசடு என்று அர்த்தம். சிகரெட் வேறு, சாராயம் வேறு என்பாய். எனக்கு இரண்டும் ஒரே பெயிண்ட் டப்பாதான்.

அதே ஊரில் 1970-களில் ஹார்வி மில்க் என்ற கே தலைவர் லாரி டிரைவர்கள் சங்கத்தோடு சேர்ந்து, கே பார்களிலிருந்தே கூர்ஸ் பீரை வெளியே தள்ள வைத்திருக்கிறார். உங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை.

இந்த அளவு வரை குடித்தால் ஆபத்தில்லை என்று எந்த அளவும் கிடையாது என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மார்பகப் புற்றுநோயும் அந்தக் கணக்கில் உண்டு. பேனரில் அதை எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது. உன்னைப் போன்ற பெண்கள் மற்ற பெண்களைவிட அதிகம் குடிப்பதாக அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. ஒளித்து வாழ்வது, ஏச்சு, வீட்டார் ஒதுக்குவது என்று காரணங்களை அடுக்கியிருந்தார்கள். மூன்றாவதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஒன்று முக்கியம். தினமும் குடித்துப் பழகியிருந்தால் ரோஷத்தில் நாளைக்கே ஒரேயடியாக நிறுத்தாதே, வலிப்பு வரலாம். டாக்டரிடம் எவ்வளவு என்று மறைக்காமல் சொல், அவர் சொல்கிறபடி குறை. உங்கள் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்கு அடி, அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். இல்லையென்றால் எனக்கு அடி. நான்தான் தூங்குவதே இல்லையே.

தீபாவளிக்கு உத்யான் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். உன் சிநேகிதிக்கும் என்று எழுதி, அடித்துவிட்டேன் பார். அவளுக்கும். மேல் ரூமில் ஃபேன் மாற்றியாச்சு. பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வருகிற அன்றைக்குச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைக்கப் போவதாக அம்மா சொன்னாள். நம் ஊரில் மறுவீட்டுக்கு வைக்கிற சாப்பாடு ஆச்சே என்றேன். "தெரியும், தேங்காய் வாங்கிட்டு வாங்க" என்கிறாள்.

அப்பா