மீன் கொள்முதல் படிவத்தில் இல்லாத ஒரு கட்டம்

பெரிய கடைத் தொடர்களிலும் உணவக நிறுவனங்களிலும் கடலுணவுக் கொள்முதலைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் விளம்பரப் படங்களில் படகு சிறியதாக இருக்கிறது. தனி ஆளாக ஒரு மீனவர், கையில் தூண்டில், பின்னால் விடியல். உங்கள் கொள்முதல் ஆணையில் தெரியும் கடலோ வேறு. ஒரே இனம், எல்லா மீனும் ஒரே எடை, வாரம் தவறாமல் இத்தனை டன். இந்த இரண்டு கடல்களுக்கும் பொருத்தமில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிறு படகுக்காரர் காற்றைப் பார்த்துத் தொழிலுக்கு இறங்குபவர். இன்று ஒரு கூடை கிடைக்கும், நாளை வெறும் வலை வரும், மறுநாள் நீங்கள் பெயர்கூடக் கேட்டிராத இனம் படகு நிறைய வரும். உங்கள் ஆணையை அவரால் நிரப்ப முடியாது. அதை நிரப்புவது பெரும்பாலும் பெரிய விசைப்படகுகள்தான்; இறாலுக்கும் அடிமட்ட மீன்களுக்கும் இழுவை மடிதான். கடலடியை அரித்துக்கொண்டு போகும் அந்த மடியில் குஞ்சும் வரும், சினை மீனும் வரும், விலைபோகாத உயிர்களும் வரும். அவற்றில் பல செத்துக் கடலுக்கே திரும்புகின்றன, அல்லது மீன்தூள் ஆலைக்குப் போகின்றன. இழுவை மடி என்ற சொல் உங்கள் ஆணையில் எங்கும் இல்லைதான். எடையும் தேதியும் அதைச் சொல்லாமலே சொல்லிவிடுகின்றன.

படகு சிறியது என்பதால் தொழிலையும் சிறியதாக நினைத்துவிடாதீர்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வேறு நிறுவனங்களுடன் கூட்டாக 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் பிடிக்கப்படும் மீனில் குறைந்தது 40 விழுக்காடு சிறு அளவிலான மீன்பிடியில் இருந்து வருகிறது. மீன்பிடித் துறையில் வேலை செய்பவர்களில் 90 விழுக்காட்டினர் இதில்தான் இருக்கிறார்கள். பிடிப்பதில் தொடங்கி உலர்த்தி விற்பது வரை கணக்கிட்டால் பத்தில் நான்கு பேர் பெண்கள். உங்கள் விளம்பரப் படத்தில் அவர்களுக்கு இடமே இல்லை.

கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்தை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். அங்கே காட் மீன் சிறுத்து வருகிறது, குறைந்து வருகிறது என்று கரையோர மீனவர்கள் 1980களிலேயே முறையிட்டார்கள். ஆழ்கடலில் பெரிய கப்பல்களுக்கு நிறையக் கிடைத்துக்கொண்டிருந்ததால் அந்தக் குரல் எடுபடவில்லை. 1992 ஜூலையில் கனடா அரசு காட் மீன்பிடிக்குத் தடை விதித்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவித்த அந்தத் தடை 2024இல்தான் விலக்கப்பட்டது. தடைக்கு முன்பு கப்பல்களுக்கு மீன் வந்துகொண்டே இருந்ததுதான் அங்கே எல்லோர் கண்ணையும் மறைத்தது. உங்கள் ஆணைகள் தவறாமல் நிறைவேறுவதும் அப்படிப்பட்ட ஒரு திரையாக இருக்கலாம்.

கடல்வளம் கெடாமல் பிடித்த மீன் என்று காட்டும் சான்று முத்திரை இருக்கிறதே என்பீர்கள். முத்திரையை நான் பழிக்கவில்லை. மாலத்தீவில் தூண்டிலால் பிடிக்கும் வரிச்சூரைக்கு 2012இல் சான்று கிடைத்தது. அதற்குப் பின்னால் ஒரு நாட்டின் ஏற்றுமதித் தொழிலே இருந்தது. பத்துப் படகுகள் உள்ள கரைக்குத் தணிக்கைச் செலவும் எட்டாது, பல ஆண்டுக் கணக்கேடும் கிடையாது. முத்திரை இல்லாததை வாங்க மாட்டோம் என்றால் முதலில் கழிக்கப்படுவது அவர்கள்தான்.

சிறு படகெல்லாம் புனிதம் என்று சொல்ல வரவில்லை. கண்ணி சிறுத்த வலையைச் சிறு படகிலும் வைத்திருப்பார்கள். செவுள் வலையில் ஆமை சிக்கிச் சாவதும் உண்டு. ஆகவே படகின் நீளத்தைக் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல் கருவியைக் கேளுங்கள்; தூண்டிலா, செவுள் வலையா, இழுவை மடியா என்று. இது நடக்காத காரியமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சை மீனுக்கும் உறைந்த மீனுக்கும் எந்தக் கடற்பகுதி, எந்த வகைக் கருவி என்று குறிப்பிடுவது 2014 டிசம்பர் முதல் கட்டாயம். டப்பா மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டப்பாவில் அடைத்ததும் மீன் எப்படிப் பிடிபட்டது என்பது மறந்துபோகும் போலும்!

இனத்தின் பெயரை எழுதி ஆணை போடுவதற்குப் பதிலாக, "இந்தக் கரையில், இந்தக் கருவியில், இந்த நீளத்துக்குக் குறையாத மீன் எது வந்தாலும் எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதிப் பாருங்கள். கிடைத்த மீனை வைத்துச் சமைப்பது உங்கள் சமையல்காரர்களுக்குப் புதிதல்ல. மீன் இனப்பெருக்கக் காலத்தில் ஒரு கரை மூடினால் அந்த இனத்தை இன்னொரு கரையிலிருந்து வரவழைத்து அலமாரியை நிரப்பாதீர்கள். சில வாரங்கள் அது காலியாகவே கிடக்கட்டும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிடித்த அன்றே காசு வேண்டியவர் சிறு மீனவர். எரிபொருளுக்கும் பனிக்கட்டிக்கும் முன்பணம் கொடுத்த இடைத்தரகரிடம் அவர் கட்டுண்டு கிடக்கிறார். விலையைச் சொல்வதும் அந்தத் தரகர்தான். நீங்கள் அறுபது நாள் கழித்துப் பணம் தருவதாக ஒப்பந்தம் எழுதினால், அந்த அறுபது நாளைத் தாங்கக்கூடிய தரகருக்கே மீன் போய்ச் சேரும். நேரடிக் கொள்முதல் என்று பொட்டலத்தில் அச்சிடுவதற்கு முன் உங்கள் கணக்குப் பிரிவிடம் இதைக் கேளுங்கள்.

அடுத்த கொள்முதல் படிவத்தில் 'கருவி' என்று ஒரு கட்டம் சேருங்கள். அது எத்தனை ஆணைகளில் நிரம்பாமல் திரும்பி வருகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை வெளியிடுங்கள். அதைத்தான் உங்கள் பதிலாக எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் மீன் வாங்கும் ஒருவர்