பூராவையும் கூட்டிக்கொண்டு போ

அன்பு மக்கா,

ஸ்தோத்திரம். எட்டு மாசமாக எழுதாதது என் தப்புதான். அம்மாவின் முட்டுவலி பரவாயில்லை. நீ இன்னும் பாடகர் குழுவில் எல்லாருக்கும் ஒரு வரி முந்தித்தான் ஆரம்பிக்கிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னைச் சபைக் கமிட்டியில் செயலாளராகப் போட்டார்கள். பொறுப்பெடுத்த கொஞ்ச நாளிலேயே கட்டட நிதிக் கணக்கில் பல ரசீதுகள் இல்லை என்று தெரிந்தது. கேட்கவேண்டியவன் நான், பதில் சொல்லவேண்டியவரோ ஓய்வுநாள் பள்ளியில் நமக்குப் பாடம் சொல்லித்தந்த பெரியவர். மூன்று கூட்டத்தில் வாயே திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன், இராத்திரி தூக்கமும் இல்லை. அப்போதுதான் பைபிளில் நியாயாதிபதிகள் புத்தகத்தில் வருகிற கிதியோனின் கதையை மறுபடி வாசித்தேன்.

சின்ன வயசில், கிதியோன் மீதியானியரை ஜெயித்ததை 300 பேர், எக்காளம், பானைக்குள் தீவட்டி என்று நாடகம் போட்டோமே, அதற்கு முன்னால் வருவதை வாசித்துப் பார். இஸ்ரவேலரை ஒடுக்கிவந்த அந்த மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலைக்குப் பக்கத்தில் மறைவாகக் கோதுமை போரடித்துக்கொண்டிருந்தவனைத்தான் தூதன் 'பராக்கிரமசாலியே' என்று கூப்பிடுகிறான். பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இடித்தான், ஆனால் பகலில் செய்யப் பயந்து, பத்து வேலைக்காரரோடு இராத்திரியில் போய் இடித்தான். அப்புறம் இதைக் கவனி: பயப்படுகிறவன் வீட்டுக்குத் திரும்பலாம் என்றதும், அவனோடு போருக்கு வந்த 32,000 பேரில் 22,000 பேர் போய்விட்டார்கள். பயம் கிதியோனுக்கும் இருந்தது, அவனைக் கர்த்தர் அனுப்பிவிடவில்லை. போகப் பயமாக இருந்தால் உன் வேலைக்காரனாகிய பூராவையும் கூட்டிக்கொண்டு எதிரியின் பாளயத்துக்குப் போ என்கிறார். அவன் பூராவோடுதான் போனான்! இத்தனை வருஷப் பிரசங்கத்தில் பூரா என்ற பெயரை நாம் கேட்டிருக்கிறோமா?

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது மக்கா. பயம் போகட்டும், அப்புறம் கேட்கலாம் என்றுதான் அதுவரை இருந்தேன். மறுநாளே கமிட்டியில் இருக்கிற நம்ம கோவில்குட்டியார் (கோவில் பணிவிடைக்காரர்) மகனிடம், எனக்குப் பயமாக இருக்கிறது, கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காரு என்று சொன்னேன். எதற்கென்றுகூடக் கேட்காமல் வந்து உட்கார்ந்தான். கை நடுங்கத்தான் பேசினேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை, ரசீதுகளைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்டேன். பெரியவர் கோபத்தில் எழுந்து போய்விட்டார், இரண்டு வாரம் என் ஸ்தோத்திரத்துக்குப் பதில் இல்லை. போன திங்கட்கிழமை பழைய டிரங்குப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். பாதிக்குமேல் ரசீதுகள் அதில் இருந்தன. மீதியை இனித்தான் தேடவேண்டும்.

அடுத்த மாசம் முதல் ஞாயிறு, சபை முழுவதற்கும் முன்னால் கணக்கை வாசிக்கவேண்டும். அன்றைக்கு ஊருக்கு வர முடியுமா? முன் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும்.