காய்ச்சல் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. பேத்திக்கு உன் அம்மா பெயரையே வைத்தது இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

நூலகத்தில் கொரோனா பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன பேசலாம் என்று கேட்டிருந்தாய். சுகாதார ஆய்வாளராகக் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், வைரஸ் படத்தையெல்லாம் ரொம்பக் காட்டாதே. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்ன இடத்தில்தான் நம் பேச்சு எடுபடாமல் போனது. 2020 மார்ச் கடைசியில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவுவதில்லை என்று அடித்துச் சொன்னது, அப்புறம் மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டது. அதே வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில், நடந்து போகிறவர்கள் மேல் மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், சனங்கள் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து வந்தார்கள். ஏப்ரல் 18க்குள் மத்திய சுகாதாரத் துறை, ஆள் மேல் மருந்து தெளிக்காதீர்கள், அதனால் கெடுதல்தான் என்று சொல்லிவிட்டது. திருத்திக்கொண்டது நல்லதுதான். ஏன் திருத்தினோம் என்று சந்தைக்கு வந்தவர்களிடம் யார் சொன்னார்கள்?

அடுத்தது நடிகர் விவேக். மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று 2021 ஏப்ரல் 15 அன்று அரசு மருத்துவமனைக்கே போய் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள், ஆனால் மத்தியக் குழு ஆராய்ந்து அதையே சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் வாட்ஸ்அப் ஊரைச் சுற்றிவிட்டது. "அவ்ளோ பெரிய மனுசனுக்கே இப்படின்னா எங்க கதி என்னங்க?" என்று நூறு நாள் வேலையில் ஒரு அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். தினமும் மாரடைப்பில் எத்தனையோ பேர் போகிறார்கள், லட்சக்கணக்கானவர்கள் ஊசி போடும்போது சில சாவுகள் அதையொட்டி வரத்தான் செய்யும் என்று எங்கள் டாக்டர் கணக்கோடு விளக்கினார், கணக்கு சரிதான், அந்த அம்மா அசையவில்லை.

கடைசியில் காரியம் நடந்தது எங்கள் கிராம சுகாதார செவிலியரால். "நான் போட்டுக்கிட்டேன், ராத்திரி காய்ச்சல், மறுநாள் கை தூக்க முடியல, பாராசிட்டமால் போட்டேன், மூணாம் நாள் டூட்டிக்கு வந்துட்டேன். உங்களுக்கும் வரலாம். மூச்சுத் திணறினா, நெஞ்சு வலிச்சா மட்டும் எந்த நேரமானாலும் கூப்பிடுங்க" என்று தன் நம்பரைக் கொடுத்தார். ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பிய ஊர்களில்தான் காய்ச்சல் வந்ததும் பயந்துபோய் இரண்டாவது ஊசிக்கு ஆளே வரவில்லை.

அதனால் நீ பாதி நேரம் பேசு, மீதியைக் கேள்விக்கு விடு. கபசுரக் குடிநீர் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கிண்டல் மட்டும் பண்ணிவிடாதே, அதோடு கூட்டம் கலைந்துவிடும். தேதி என்றைக்கு என்று எழுது, பஸ்ஸில் உட்கார முட்டி ஒத்துழைத்தால் நானும் வருகிறேன்.

உன்,
ராமசாமி