பருப்பு வடை அன்பர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

கௌரவ தலைவர் அவர்களே, போசகர்களே, உறுப்பினர்களே,

கடந்த பொதுக்கூட்டத்தின் பின்னர் எமது மன்றம் ஆற்றிய பணிகளை இவ்வறிக்கை மூலம் சமர்ப்பிக்கின்றேன். பருப்பு வடையின் புகழைப் பரப்புவதே எமது யாப்பின் முதலாம் நோக்கமாயினும், தேத்தண்ணிக்கு வடை கேட்டுப் பழகிய மலையக மக்களிடம் அதனை மேலும் எவ்வாறு பரப்புவது என்ற நியாயமான கேள்வி செயற்குழுவில் எழுந்தமையால், இவ்வாண்டு புகழை விடுத்துத் தரத்தைக் கவனிப்பதெனத் தீர்மானித்தோம்.

அதன்படி தேநீர்க்கடை நடத்துவோருக்காக ஹட்டனில் செய்முறை வகுப்பொன்றை நடத்தினோம். மலைநாட்டில் வடைக்கு முதல் எதிரி குளிர் என்பதே அவ்வகுப்பின் சாரம். கீழ்நாட்டில் விரைவாக ஊறிவிடும் கடலைப் பருப்பு, இங்குள்ள குளிர்ந்த நீரில் கூடுதல் நேரம் கேட்கிறது. அவசரப்பட்டு அரைத்தால் பல்லில் கல்லாக அகப்படுகிறது. உயரமும் தன் பங்குக்குத் தொல்லை தருகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடுவதால், ஈரமுள்ள உட்புறம் மெதுவாகவே வேக, மேற்புறமோ அதற்குள் சிவந்து கருகத் தொடங்குகிறது. ஆகவே அடுப்பைச் சற்றுத் தணித்து, வடையை மெலிதாகத் தட்டி, பொறுமையாகப் பொரிக்குமாறு எடுத்துரைத்தோம். பருப்பில் ஒரு பிடியை அரைக்காமல் சேர்த்தல், அரைக்கும்போது நீர் விடாதிருத்தல் ஆகியனவும் செய்து காட்டப்பட்டன. இவை அனைத்தையும் தமது அம்மாயி வெப்பமானி இன்றியே செய்துவந்ததாகக் கடைக்கார அன்பர் ஒருவர் கூறியதை நாம் மறுக்கவில்லை.

2019ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனப்படுத்திய சர்வதேச தேயிலை தினமான மே 21 அன்று, கொழுந்து பறிக்கும் பெண்களுக்குச் சுடச்சுட வடையும் பிளேன்டீயும் வழங்கினோம். தேயிலைக்கென ஒதுக்கிய நாளிலும் அதனைப் பறிப்பவர் அமர்ந்து தேநீர் அருந்த நேரம் கிடைப்பது அரிதாகவே உள்ளது என்பதை இங்கு பதிவுசெய்ய விரும்புகின்றேன்.

பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே புகையிரதங்களில் கூடை சுமந்து வடை விற்போருக்கு வெற்றுத்தாள் பைகள் வழங்கப்பட்டன. அச்சு மை உணவில் ஒட்டுவதைத் தவிர்ப்பதே இதன் காரணம். பழைய பரீட்சைத் தாளில் சுற்றிய வடையைத் தின்றபடி யாரோ ஒரு பிள்ளையின் கணக்கைத் திருத்தும் இன்பம் பறிபோனதாகச் சில உறுப்பினர்கள் எழுத்துமூலம் முறையிட்டுள்ளனர். பொரித்த செத்தல் மிளகாயும் வெங்காயமும் வழமைபோல் சேர்த்தே விற்கப்படும் என அவர்களுக்குப் பதில் அனுப்பப்பட்டது.

உளுந்து வடையையும் மன்றத்தின் பாதுகாப்பில் சேர்க்கவேண்டுமென்ற யாப்புத் திருத்தப் பிரேரணை நிலுவையில் உள்ளது. 2020ஆம் ஆண்டில் உளுந்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறியபோது கடைகளில் அவ்வடை அருகிப்போனதைப் பிரேரித்தவர் சுட்டிக்காட்டியுள்ளார். அனுதாபம் வேறு, அங்கத்துவம் வேறு என்பது எனது தனிப்பட்ட கருத்து.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பிரேரணை மீதான வாக்கெடுப்பைத் தேநீர் இடைவேளைக்கு முன்னரே நடத்துமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கின்றேன். சமையற்கூடத்தில் இரு வகை வடைகளும் தயாராவதாக அறிகின்றேன், உண்ட பின் எடுக்கும் வாக்கு நடுநிலையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இங்ஙனம்,
செயலாளர்