முன்வரிசைக்கு போகாதேன்னு மட்டும் எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ராக் கான்செர்ட்ல கூட்டம் நெருக்கி யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சுன்னா மறுநாள் எங்க பாத்தாலும் ஒரே பேச்சுதான், இந்த காலத்து பசங்களுக்கு கட்டுப்பாடே கிடையாது, காசையும் குடுத்து போய் நசுங்குறாங்க, வீட்ல உக்காந்து பாத்தா என்ன குறைஞ்சுடும்னு. நான் பல வருஷமா ஸ்டேஜுக்கு முன்னாடி தடுப்புக் கம்பிய புடிச்சு நின்னு பாக்குறவ. போகாதேன்னு சொன்னா யாரும் போகாம இருக்கப் போறதில்ல சார், எப்படி நிக்கணும்னு சொல்லிக் குடுத்தா நாலு உயிராவது பிழைக்கும், அதுக்குதான் இந்த கடிதம்.

ஏன் போறோம்னு முதல்ல சொல்லிடுறேன். சவுண்டுக்காக இல்ல. பாட்டு தெளிவா கேக்கணும்னா கூட்டத்துக்கு நடுவுல கொஞ்சம் பின்னாடி மிக்ஸர் வச்சு சவுண்டு இன்ஜினியர் இருப்பாரு பாருங்க, அவர் பக்கத்துல போய் நிக்கணும், அவர் அங்க நின்னு கேட்டுதான் மொத்தத்தையும் செட் பண்றாரு. முன்னாடி நிக்கிறவங்களுக்கு சப்வூஃபர்ங்கிற பெரிய பேஸ் ஸ்பீக்கரோட அதிர்வு நெஞ்சுல வந்து இடிக்கும், டிரம்ஸ் சத்தமும் கிட்டார் ஸ்பீக்கர் சத்தமும் ஸ்டேஜ்ல இருந்து நேரா வந்து அடிக்கும், பாடுறவர் குரல் பாதி அமுங்கிடும். ஆனா கிட்டார்காரர் விரல் எந்தக் கம்பில போகுதுன்னு கண்ணால பாக்கலாம், அடுத்த பாட்டுக்கு டிரம்மர் கண்ணக் காட்டுறது தெரியும், முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் நம்ம பக்கத்துல நின்னு அதே வரிய தொண்டை கிழிய பாடிட்டு இருப்பாரு. இதுக்காக நாலஞ்சு மணி நேரம் கால் கடுக்க நிக்கலாம், நான் நிப்பேன்.

இப்ப ஆபத்துக்கு வரேன். நெரிசல்ல சாகுறவங்க மிதிபட்டு சாகுறாங்கன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா பல பேர் நின்ன இடத்துலயே நின்னபடியே மூச்சு முட்டி சாகுறாங்க. நாலா பக்கமும் ஆள் அமுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிய இடம் இல்ல, உள்ள காத்து போகாது. ஒரு சதுர மீட்டர்ல 4 பேர் இருக்குற வரைக்கும் நம்ம கால் நம்ம பேச்ச கேக்கும், 6, 7 பேர் ஆயிட்டா கூட்டம் தண்ணி மாதிரி ஆயிடும், பின்னாடி யாரோ லேசா தள்ளுனது அலை அலையா முன்னாடி வந்து சேரும்போது இரும்புக் கம்பியவே வளைக்கிற அளவுக்கு வேகம் இருக்கும். இதுல பின்னாடி தள்ளுறவருக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரியவே தெரியாது. அவர் மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, எத்தன பேர உள்ள விடணும் எந்த வழியா விடணும்னு முடிவு பண்றவங்கள கேக்கணும்.

1979 டிசம்பர் 3, அமெரிக்காவுல சின்சினாட்டில தி ஹூ பேண்டோட நிகழ்ச்சிக்கு வெளிய காத்திருந்த கூட்டத்துல 11 பேர் செத்தாங்க, அவ்ளோ கூட்டத்துக்கு திறந்திருந்தது கொஞ்ச கதவுதான். 2000 ஜூன் 30, டென்மார்க்ல ராஸ்கில்ட் இசை விழாவுல பேர்ல் ஜாம்ங்கிற ராக் பேண்ட் பாடிட்டு இருக்கும்போது மழை ஈரத்துல முன்னாடி நின்னவங்க வழுக்கி விழுந்து 9 பேர் போயிட்டாங்க. 2021 நவம்பர் 5, அமெரிக்காவுல ஹியூஸ்டன்ல ஆஸ்ட்ரோவேர்ல்டு இசை விழா, அது ராக் இல்ல, ராப், ஆனா கூட்டத்தோட கதை அதேதான், 10 பேர் செத்தாங்க, அதுல ஒரு குழந்தைக்கு வயசு 9. ராஸ்கில்ட்காரங்க அதுக்கப்புறம் முன்பகுதிய தனியா தடுத்து, இத்தன பேர்னு எண்ணி உள்ள விட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் அங்க முன்வரிசைல நின்னு பாக்கலாம். அதாவது முன்வரிசைய ஒழிக்காமலே வழி இருக்கு.

இனி நிக்கிறது எப்படின்னு. கைய கீழ தொங்க விடாதீங்க, கூட்டம் இறுகுனதும் கீழ இருக்குற கைய மேல எடுக்கவே முடியாது. ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வச்சுக்கோங்க, அந்த சின்ன இடைவெளிதான் மூச்சு. ஒரு கால் முன்ன ஒரு கால் பின்ன. அலை வரும்போது எதிர்த்து தள்ளாதீங்க, அது கூட போங்க, அலை அடங்குற அந்த ஒரு நொடில குறுக்கால பக்கவாட்டுல நகருங்க, அப்படி கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கு வந்துடலாம். போன் விழுந்துச்சா, விட்டுடுங்க, குனிஞ்சா எழுந்திருக்க முடியாது. முதுகுல மாட்டுற பை வேண்டாம், ஷூ லேஸ இறுக்கிக் கட்டி முனைய உள்ள சொருகிடுங்க. யாராவது விழுந்தா பாட்டு எந்த இடத்துல இருந்தாலும் சுத்தி நிக்கிறவங்க கைய விரிச்சு இடம் பண்ணி முதல்ல அவர தூக்கணும், மாஷ் பிட்ல, அதாவது ஸ்டேஜ் முன்னாடி ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி ஆடுற இடத்துல, ஆடுறவங்க கிட்ட இது ரொம்ப காலமா இருக்குற வழக்கம், வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அது சண்டை மாதிரி தெரியும், உள்ள போய் பாத்தா அப்படி இல்ல. மூச்சு கஷ்டமா இருந்தா கத்தி காத்த வீணாக்காதீங்க, கைய மேல தூக்கி ஆட்டுங்க, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கிற செக்யூரிட்டி ஆளுங்க தூக்கி வெளிய எடுப்பாங்க, அவங்க அங்க நிக்கிறதே அதுக்குதான்.

காதுக்கு இயர்பிளக், சத்தத்த குறைக்க காதுல வைக்கிற அடைப்பு, கண்டிப்பா வேணும். இத எல்லாரும் சிரிச்சுட்டு தள்ளிடுறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். 85 டெசிபல் சத்தம்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் காதுக்கு பரவாயில்லன்னு ஒரு கணக்கு இருக்கு, 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும், 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான் கணக்கு, ராக் கான்செர்ட்ல ஸ்பீக்கர் பக்கத்துல அதையும் தாண்டும். உள்காதுல இருக்குற மயிர் செல் ஒரு தடவை செத்தா திரும்ப முளைக்காது, கொய்ங்ங்னு சத்தம் வாழ்நாள் பூரா நின்னுடலாம். மெத்துன்னு இருக்குற ஃபோம் இயர்பிளக்க நல்லா உருட்டி, காத மேல இழுத்து உள்ள விட்டு, அது விரியுற வரைக்கும் விரலால புடிச்சுக்கணும், சும்மா வாசல்ல சொருகி வச்சா பிரயோஜனம் இல்ல.

பொண்ணுங்க விஷயம் ஒண்ணு. நெரிசல சாக்கா வச்சு கை வைக்கிறவனுங்க இருக்கானுங்க. அதுக்காக நாங்க ஏன் பின்னாடி போகணும்? பக்கத்துல இருக்குறவங்க பாத்தா உடனே குரல் குடுங்க, செக்யூரிட்டிக்கு கை காட்டி அவன வெளிய அனுப்புங்க. பாடகர்களும் ஸ்டேஜ்ல இருந்து ஒரு வார்த்தை சொன்னா மொத்தக் கூட்டமும் கேக்கும், எதாவது தப்பா தெரிஞ்சா பாட்ட நிறுத்துற தைரியம் அவங்களுக்கு வேணும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் சார். பெரிய கான்செர்ட் வருதுன்னு முழுப்பக்கம் படம் போடுறீங்கள்ல, அப்போ நடத்துறவங்க கிட்ட நாலு கேள்வி கேட்டு அந்த பதிலையும் போடுங்க. முன்பகுதில எத்தன பேர விடப்போறீங்க, உள்ள வர எத்தன வாசல் வெளிய போக எத்தன வாசல், குடிக்க தண்ணி எங்க, நிகழ்ச்சிய நிறுத்துங்கன்னு சொல்ற அதிகாரம் யார் கையில இருக்கு. பதில் சொல்ல மாட்டேன்னா அதையும் அப்படியே போடுங்க, டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமான்னு நாங்க பாத்துக்குறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி